கண்டு நின்றோர்

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் நாடுகாண் காதையின் இறுதிப் பகுதிக்கு வரும்போது சற்றே விரைந்து சென்றுவிடுவதைக் கண்டிருக்கின்றேன். யானும் பல்லாண்டு அவ்வாறு விரைந்தவனே. கவுந்தியடிகள் இருவரை நரிகளாகுமாறு சபித்த செய்தி அப்பகுதியில் வருகின்றது. பொறுமையை நோன்பாகக் கொண்ட சமணத் துறவி சினங்கொள்ளலாமா என்று ஒரு வினாவை எழுப்புவோம், மாணவர் இரண்டு அணியாய்ப் பிரிந்து வாதிடுவர், மணி அடித்துவிடும். அவ்வாதம் பயனற்றது என்று கூறமாட்டேன். ஆனால் அது நம் கண்ணைத் துறவியின் மீதே நிறுத்தி, அவர் எதைக் கண்டு சினந்தார் என்பதைப் பார்க்கவொட்டாமல் செய்துவிடுகின்றது. தெருவிலும் பேருந்திலும் தோட்டத்துப் பாதையிலும் ஒரு பெண்ணுக்கு இழிவு நேரும்போது அதைக் கண்டு நிற்பவர் என்ன செய்யவேண்டும் என்பது இன்று பலரும் பேசும் பொருள். நம் இரட்டைக் காப்பியங்கள் அப்பொருளை என்றோ எடுத்துக்கொண்டுவிட்டன. அவற்றை அந்நோக்கிலே ஒருமுறை படித்துப் பார்க்க விரும்புகின்றேன்.

காவிரியைக் கடந்து தென்கரை சேர்ந்த மூவரும் வழிநடை வருத்தம் தீர ஒரு பூம்பொழிலில் தங்கியிருக்கின்றனர். அவ்வழியே ஒரு பரத்தையும் வெற்றுரை பேசித் திரியும் ஒருவனும் வருகின்றனர். காமனும் அவன் தேவியும் போன்ற இவர்கள் யாவரோ, கேட்டறிவோம் என்று நெருங்கி வந்து அடிகளை வினவுகின்றனர். இவர்கள் என் மக்கள், வழி நடந்து இளைத்திருக்கின்றனர், விலகிச் செல்லுங்கள் என்கின்றார் அடிகள். முதலில் அவர் செய்தது எச்சரிக்கை என்பதை மனத்திற்கொள்க. வந்தவர்கள் விலகவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் கணவனும் மனைவியுமாய் வாழ்வதும் உண்டோ என்று, கற்றறிந்தவரிடம் ஐயம் கேட்பது போலக் கேட்கின்றனர்.

இங்கே இளங்கோவடிகள் காட்டும் நுட்பம் பெரிது. அவ்விருவரும் கண்ணகியைத் தீண்டவில்லை. வெளிப்படையான வசைச்சொல் ஒன்றும் கூறவில்லை. அவர்கள் சொன்னதை மட்டும் எழுதி ஒரு நடுவர் முன் வைத்தால், ‘வேடிக்கையாகக் கேட்டோம், அவ்வளவுதான்’ என்று தப்பிவிடுவர். கண்ணகியும் மறுமொழி ஏதும் கூறவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டு கணவன் முன்னே நடுங்குகின்றாள். இரண்டே செயல்கள். நேர்ந்தது இன்னது என்று நமக்கு அறிவிப்பவை அவையே. கோவலன் அருகில்தான் இருக்கின்றான். அந்நேரத்தில் அவன் வாய் திறந்ததாகக் காப்பியம் கூறவில்லை. அடிகளோ அந்நடுக்கத்தைப் படித்துவிடுகின்றார். வந்தவர்களின் கேலி இருவரையும் சேர்த்துச் சென்றது. அடிகளின் சினமொழியிலோ இகழப்பட்டவள் கண்ணகி ஒருத்தியே. என் பெண்ணை இகழ்ந்தனர் என்னும் பொருள்படவே அவர் பேசுகின்றார். ஒரே சொல் ஆணிடம் கூச்சமாகவும் பெண்ணிடம் அச்சமாகவும் போய்ச் சேர்வதை அத்துறவி அறிந்திருக்கின்றார். தீங்கை அறிந்துகொள்ள அவர் சொல்லை ஆராயவில்லை. அச்சொல் யாரிடம் போய்த் தைத்ததோ அவளைப் பார்த்தார்.

அடுத்து நிகழ்வதும் விரைந்து கடக்கத்தக்கது அன்று. நரிகளின் ஊளையைக் கேட்டுக் கோவலனும் கண்ணகியும் நடுங்குகின்றனர். நெறி தவறியோர் தகாதன பேசினாலும் அதை அறியாமை என்று கொள்ளவேண்டும், இவர்களுக்கு விடுதலை எப்போது என்று கேட்கின்றனர். அடிகள் உடனே இசைந்து, உறையூர் மதிற்புறத்துக் காட்டில் 12 மாதம் உழன்றபின் பழைய வடிவம் பெறுவர் என்று வரையறுக்கின்றார். உனக்காகத்தானே செய்தேன், நீ இடையே வராதே என்று அவர் அடக்கவில்லை. பிறர்க்குத் துணைசெய்யப் புகும் நம்மிற் பலர் வழுக்கும் இடம் இது. உதவி செய்யும் வேகத்தில் அப்பெண்ணையே மறந்து, நம் வீரத்தை நாட்டத் தொடங்கிவிடுகின்றோம். அடிதடி முடிந்தபின் திரும்பிப் பார்த்தால் அவள் அங்கே இல்லை. கூட்டத்தைக் கண்டு இன்னும் மிகுதியாய் அஞ்சிப் போயிருப்பாள்.

ஆயினும் கவுந்தியடிகளை நாம் அப்படியே பின்பற்ற இயலாது. சபித்தவுடன் நரியாக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லை. தவ வலிமையும் பதவியும் தோள் வலியும் இல்லாதவர் என்ன செய்வது? இவ்வினாவுக்கு விடை மணிமேகலையில் இருக்கின்றது. அங்கே சுதமதி இருக்கின்றாள்.

சுதமதியைத் தலைவியின் தோழி என்று ஓரத்தில் நிறுத்திவிடுவது நம் வழக்கம். மலர்வனம் புக்க காதையை மீண்டும் படிப்போர் வேறொருத்தியைக் காண்பர். மணிமேகலை தனியே மலர் பறிக்கச் செல்லலாகாது என்று தடுத்தவள் அவளே. காரணமாகத் தன் கதையைச் சொல்கின்றாள்: சண்பை நகரில் தான் தனியே மலர் கொய்துகொண்டிருந்தபோது மாருதவேகன் என்னும் விஞ்சையன் தன்னை எடுத்துச் சென்றதும், பின்னர்ப் புகாரிலே கைவிட்டுச் சென்றதும் ஆகிய கதை அது. நேர்ந்ததை அறிந்தவள் ஆதலின் நேரப்போவதை முன்னரே உணர்கின்றாள். ‘போகாதே’ என்று வீட்டுக்குள் பூட்டிவைக்கவும் இல்லை. அச்சமில்லாத வனம் உவவனம், அங்கே ஒரு பளிக்கறையும் உண்டு, நானும் உடன் வருகின்றேன் என்கின்றாள்.

அவ்விருவரும் நடந்து செல்லும் புகார்த் தெருவைச் சாத்தனார் மிகவும் விரிவாக எழுதியிருக்கின்றார். மணிமேகலையைக் கண்ட மக்கள் அவளைச் சூழ்ந்து மொய்க்கின்றனர். இத்தகைய அழகியைத் தவத்துக்கு ஆளாக்கிய தாய் கொடியவள் என்று மாதவியைப் பழிக்கின்றனர். இவர்கள் தீயோர் அல்லர், இரக்கத்தோடுதான் பேசுகின்றனர். ஆனால் இரக்கம் எப்படிப் பார்வையாகவும், பார்வை எப்படிச் சூழ்ந்து நெருக்கும் கூட்டமாகவும் ஆகிவிடுகின்றது என்பதைக் கவனியுங்கள். அவள் வழியை விட்டு ஒருவரும் விலகவில்லை. இன்றைக்கும் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் முதலில் எழும் குரல் இக்குரலே: இந்நேரத்தில் இவளை வெளியே அனுப்பிய தாய் யார்?

அடுத்தவன் எட்டிகுமரன். வணிகர் குடியிற் பிறந்தவன். யாழும் கையுமாகப் பரத்தையர் வீதியில் மெய்ம்மறந்து அமர்ந்திருக்கின்றான். மதயானையை அடக்கிவிட்டுத் தேரில் வந்த உதயகுமரன் காரணம் வினவ, மணிமேகலையைக் கண்டதையும் அவள் மலர்வனம் சென்றதையும் அவனிடம் கூறிவிடுகின்றான். அவள்பால் இவனுக்குப் பகை இல்லை. அவளது நிலைக்காக இவன் நெஞ்சும் வருந்தியதே. ஆனால் அரசகுமரனின் தேர் எங்கே திரும்பப்போகின்றது என்று ஒரு கணம் எண்ணினானா? இவனைப் பற்றி நம் உரைநூல்களும் வழிகாட்டி நூல்களும் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. என்னைக் கேட்டால், காப்பியத்தில் மிக இயல்பாக அமைந்த மாந்தருள் இவன் ஒருவன். ‘நான் ஒன்றும் செய்யவில்லையே, கேட்டதற்குச் சொன்னேன்’ என்னும் கூட்டத்தின் முன்னோன்.

தேரொலி கேட்கின்றது. மணிமேகலை அஞ்சுகின்றாள். சுதமதியும் நடுங்குகின்றாள், சாத்தனார் அதை மறைக்கவில்லை. நடுங்கிக்கொண்டே மணிமேகலையைப் பளிக்கறைக்குள் புகுத்தித் தாழிடச் செய்து, தான் அவ்விடத்தை விட்டுச் சிறிது தொலைவு விலகி வந்து நிற்கின்றாள். ஏன் விலகி நின்றாள்? வருபவன் கண் முதலில் தன்மேல் படவேண்டும் என்றுதான். அவனோடு பேச்சுத் தொடுக்கின்றாள். வாளெடுத்து எதிர்க்கவில்லை, காலில் விழுந்து கெஞ்சவும் இல்லை. முதுமைக் கோலம் பூண்டு வழக்கை முடித்து நீதி காட்டிய முன்னோனின் வழித்தோன்றலே என்று அவனது குலப்பெருமையை நினைவூட்டுகின்றாள். நீ யார் என்பதை எண்ணிப்பார் என்பது அதன் பொருள். பிறகு யாக்கையின் நிலையாமையை விரிக்கின்றாள். சமய உரை என்று நாம் கடந்துவிடும் அப்பகுதி, அவ்விடத்தில் நேரத்தைக் கடத்தும் உரையாகவும் இருக்கின்றது. பளிங்கின் வழியே உருவம் தெரிந்துவிட்ட பின்னும், வாயில் காணாது அவன் கைகளால் தடவித் திரியும்போதும், அவள் அவ்விடத்தை விட்டு நகரவில்லை. இறுதியில் அவன் சித்திராபதி வாயிலாக அவளை அடைவேன் என்று சொல்லிவிட்டுப் போகின்றான். தீமை ஒழிந்துவிடவில்லை, அன்றைக்கு விலகியது. சுதமதி செய்யக்கூடியது அவ்வளவே. அதை அவள் குறைவறச் செய்தாள்.

இங்கே கற்றறிந்த நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன தடையைக் குறிப்பிடவேண்டும். உதயகுமரன் சென்றபின் தன் நெஞ்சு அவன் பின்னே போயிற்று என்று மணிமேகலையே ஒப்புக்கொள்கின்றாளே. முற்பிறவித் தொடர்பும் பின்னர் வெளிப்படுகின்றதே. ஆதலின் இது காதல் நிகழ்ச்சி அன்றோ என்பது அவர் வாதம். அவ்வொப்புதல் உண்மை. ஆனால் காலத்தை முன்பின்னாக்கிப் படித்தல் கூடாது. தேரொலி கேட்ட நேரத்தில் அவள் அஞ்சினாள்; தாழிட்ட அறைக்குள் இருந்தாள்; வெளியே ஒருவன் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளத்தில் பின்னர் என்ன தோன்றிற்று என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே. அதைச் சொல்லும் உரிமையும் அவளுடையதே. வெளியில் நிற்பவர் அதை முன்கூட்டி ஊகித்துக்கொண்டு, இவளுக்கும் விருப்பம்தான் போலும் என்று வாளாவிருப்பதற்கு அவ்வொப்புதல் சான்றாகாது. திரைப்படங்களில் ஒரு பெண்ணை விடாது பின்தொடர்வதையே காதல் என்று காட்டிக் காட்டி நம் இளைஞரை எந்நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றோம் என்று அந்நண்பர் எண்ணிப் பார்ப்பாராக.

சுதமதியை நான் இவ்வாறு படிக்கத் தொடங்கியது நூலகத்தில் அன்று. சொல்லக் கூச்சமாய் இருந்தாலும் சொல்லிவிடுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் பேருந்தில் நின்றுகொண்டு சென்றேன். எனக்கு முன்னே பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அவள் பின்னால் நடுத்தர வயதுடைய ஒருவன். பேருந்து குலுங்காத இடத்திலும் அவன் சாய்ந்தான். அவள் புத்தகப் பையை முதுகிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு கம்பியை மாற்றிப் பிடித்தாள். பிறகு யாரையோ தேடுவது போல் சுற்றிலும் பார்த்தாள். அவள் பார்வை என் மீதும் பட்டது. நானோ ஐயத்தில் நின்றேன். தந்தையாக இருப்பானோ, நாம் தவறாக எண்ணுகின்றோமோ, கேட்டால் சண்டையாகுமோ, நம்மை ஆசிரியர் என்று அறிந்தவர் யாரேனும் பேருந்தில் இருப்பரோ என்று, அறிவுடையவன் எண்ணுவன எல்லாம் எண்ணினேன்.

முன் இருக்கையில் தோட்டத்துப் பாட்டி ஒருவர் வெற்றிலைப் பையோடு அமர்ந்திருந்தார். அவர் திரும்பி, “ஏ பாப்பா, நீ பாக்கியம் மவதானே? அடையாளமே தெரியாம வளந்துட்டியே! இங்க வா, பாட்டிகிட்ட குந்து” என்று உரக்கக் கூப்பிட்டார். அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஆமா பாட்டி” என்று போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா சுகமா, அண்ணனுக்கு வேலை கிடைத்ததா என்று சிலியாவ் தாண்டும் வரை பாட்டி ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். அந்த ஆளை அவர் ஒரு முறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். லுக்குட்டில் அந்தப் பெண் இறங்கியபின் பாட்டியிடம் சென்று, பாக்கியம் எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தப் பாக்கியம்?” என்றார். பிறகு, “நீங்க அங்கதானே நின்னீங்க சார்?” என்று கேட்டார்.

அவர் மணிமேகலை படித்தவர் அல்லர். படித்தவன் அருகில் நின்றிருந்தேன்.

அந்தப் பாட்டியின் தலைமுறைப் பெண்கள் வாழ்ந்த தோட்டத்தை நினைத்துப் பார்த்தால், அவர்க்கு அவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, ஒருத்தி ஒரு நிரையில், மற்றொருத்தி எங்கோ தொலைவில் மற்றொரு நிரையில் பால்மரம் வெட்டுவர். கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் யார் இருக்கின்றார் என்பதை அறிந்துவைத்துக்கொள்வதே அங்குக் காவல். வேலையைக் கொடுப்பவனும் கணக்கை எழுதுபவனும் வெட்டைச் சோதிப்பவனும் ஆண்கள். எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும். வேலையோடு லயத்து வீடும் போகும். இந்நிலையில் பக்கத்து நிரைக்காரி பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு வாளியோடு இப்பக்கம் நடந்து வருவதுகூட ஓர் உதவியே.

1941 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது சிலாங்கூர் முழுவதும் பரவி, நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் எட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவருள் ஒருவராகிய ஆர். எச். நாதன் பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர். அவ்வாண்டு மே மாதம் சிறைப்படுத்தப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். கூலி உயர்வு கேட்டதையும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவை ஒழிக்கச் சொன்னதையும் நாம் அனைவரும் அறிவோம். அக்கோரிக்கைகளுள் மற்றொன்றும் இருந்தது. ஐரோப்பியரும், அவரைப் போல நடந்துகொண்ட கறுப்புத் துரைமாரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தவேண்டும் என்பது அது. வரலாறு சொல்லும்போது இதையும் நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம், நாடுகாண் காதையின் இறுதிப் பகுதியைப் போல.

அக்கோரிக்கையின் பெருமை எங்கே இருக்கின்றது? அதுவரை நிரையிலும் பெரட்டுக் களத்திலும் தனித்தனியே கண்டும் காணாமலும் நின்றவர்கள், நாங்கள் எல்லோரும் கண்டோம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தனியே சொன்னால் ஒருவன் வேலை போகும். எல்லோரும் சொன்னபோது அச்சம் இடம் மாறிற்று. பாதிக்கப்பட்ட பெண்ணைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, உனக்கு என்ன நேர்ந்தது சொல் என்று கேட்கவும் இல்லை. அவர்களைக் கல்லாதவர் என்று எழுதுவோர் எண்ணிப் பார்க்கத்தக்க நுண்மை இது.

அதன் குறையையும் கூறவேண்டும். துரையின் கை நீண்டதை அத்தாள் கண்டது. லயத்தின் உள்ளே கேட்ட அழுகையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்று கேட்டிருந்தனர். அதை மறைமுகமான மருந்து என்று வேண்டுமானால் கொள்ளலாம். நான் பிள்ளையாய் இருந்த லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த பலகைச் சுவர் கூரையை எட்டாது. ஒரு வீட்டில் குழம்பு தாளித்தால் மூன்று வீட்டுக்குத் தெரியும். ஓர் அடி விழுந்தால் தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனால் ‘புருஷன் பொண்டாட்டி விஷயம்’ என்று ஒரு சொல் இருந்தது. பலகையைவிட அச்சொல்லே தடித்த சுவர்.

பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தில் வீட்டுமன் பேசுவது இச்சொல்லைத்தான். அந்நூலின் முதற்பாகம் 1912 இல் வந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைந்தபின் 1924 இல் அச்சேறியது. பாஞ்சாலியைக் கூந்தல் பற்றி இழுத்துச் செல்லும் தெருவில் ஊரார் இரு மருங்கும் நின்று, என்ன கொடுமை என்று வருந்துகின்றனர். அவர்களைப் பாரதியார் சாடும் சாடலை அறியாத தமிழாசிரியர் இல்லை. ஆதலின் அதை விரிக்க வேண்டுவதில்லை. எனக்கு அத்தெருவினரைவிட அவையில் இருந்த கிழவனே அச்சந்தருகின்றான். வீட்டுமன் நடப்பதை நீதி என்று சொல்லவில்லை. முற்காலத்தில் ஆணும் பெண்ணும் நிகராய் இருந்ததை அறிந்திருக்கின்றான். எனினும் இன்றைய நூலின்படி மனைவி கணவனுக்கு உட்பட்டவள், என்ன செய்வது என்று கைவிரிக்கின்றான். தெருவினருக்கு வலிமை இல்லை. இவனுக்கு வலிமையும் உண்டு, அறிவும் உண்டு. அறிவையே திரையாக்கி அதன் பின் ஒளிந்துகொள்கின்றான். விகர்ணன் இளையவன், நூலறிவில் வீட்டுமனுக்கு ஈடாகான். அவன்தான் எழுந்து பேசினான். அன்று பேருந்தில் எனக்குத் தோன்றிய ஐயங்கள் எல்லாம் வீட்டுமன் மரபு என்பதை இப்போது உணர்கின்றேன்.

கண்ணகி மதுரைத் தெருக்களில் சிலம்பேந்தி, இவ்வூரில் பெண்டிர் உண்டோ, சான்றோர் உண்டோ, தெய்வம் உண்டோ என்று கேட்கின்றாள். அவள் அங்கே கேட்டது கணவன் கொலைக்கான நியாயம். எனினும் அவ்வினா கண்டு நின்ற ஊரை நோக்கியது. 2016 ஜூன் 24 அன்று காலையில் சென்னை நுங்கம்பாக்கம் புகைவண்டி நிலைய மேடையில் ஓர் இளம்பெண் பயணிகள் கண்முன் வெட்டிக் கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு முழுவதும் அதே வினா எழுந்தது. அத்தனை பேர் இருந்தும் ஒருவருமா இல்லை என்று ஏடுகள் எழுதின. அரிவாளோடு நிற்பவன்மேல் வெறுங்கையோடு பாயவேண்டும் என்று வீட்டில் அமர்ந்து எழுதுதல் எளிது. அதை நான் எழுதமாட்டேன். ஆனால் இத்தகைய நாள்களில் நாம் சொல்லிக்கொள்ளும் ஒரு முடிவு, கூட்டம் ஒருபோதும் உதவாது என்பது, உண்மைதானா என்று பார்க்கவேண்டும்.

1964 இல் நியூயார்க்கில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்திருந்தும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் ஏடு எழுதியது. அதன் பின்னர் டார்லி, லத்தானே என்னும் உளவியலார் இருவர் 1968 இல் வெளியிட்ட சோதனைகளில், உடனிருப்போர் பெருகுவதாக ஒருவர் எண்ணினால் அவரது பொறுப்புணர்வு கலைந்துபோகக் கண்டனர். அந்த 38 என்னும் கணக்கு பெரிதும் மிகையானது என்பதை அவ்வேடே 2016 இல் ஒப்புக்கொண்டது. 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் நகர்த் தெருக்களில் கண்காணிப்புப் படக்கருவிகள் பதிவுசெய்த 219 சச்சரவுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் யாரேனும் ஒருவராவது இடைப்புகுந்து உதவியிருந்தனர். ஆட்கள் மிகுதியாய் இருந்த இடத்தில் உதவி கிடைக்கும் வாய்ப்பும் மிகுந்திருந்தது. அவை பலவகைத் தெருச் சச்சரவுகள். பெண்களுக்கு நேர்ந்தவை மட்டும் அல்ல. எனினும் 1941 இல் நம் தோட்டத்தார் கண்டதை அது மறுக்கவில்லை. முதல் ஒருவர் வாய் திறப்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கின்றது. அன்று பேருந்தில் பாட்டி பேசியபின் நடத்துநரும் அந்த ஆளை முறைத்துப் பார்க்கத் தொடங்கினார் என்பது இப்போது நினைவுக்கு வருகின்றது.

இன்று நெகிரி செம்பிலானில் அப்பழைய தோட்டங்கள் பல இல்லை. செண்டாயானிலும் நிலாயிலும் பால்மரம் நின்ற நிலங்களில் நகரங்கள் எழுந்துள்ளன. எஞ்சிய தோட்டங்களில் செம்பனை நிற்க, வேலை செய்வோருள் அயல்நாட்டார் மிகுந்துள்ளனர். லயத்துப் பலகைச் சுவர் அடுக்குமாடியின் கற்சுவராயிற்று. சட்டமும் மாறியிருக்கின்றது. 1994 இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டத்திற்குப் பின் ‘புருஷன் பொண்டாட்டி விஷயம்’ என்பதற்கு இந்நாட்டில் சட்டத்தின் துணை இல்லை. மானத்தைக் குலைக்கும் கருத்தோடு சொல்லும் சொல்லும் காட்டும் சைகையும் தண்டனைச் சட்டத்தின் 509 ஆம் பிரிவின்படி குற்றம். பொழிலில் வந்த அவ்விருவரும் அதற்குள் அகப்பட்டிருப்பர். பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறி, முறையீட்டைக் கேட்கத் தனி நடுவர் மன்றத்துக்கும் வழி செய்தது. 999 என்னும் எண்ணைப் போலவே ‘தாலியான் காசே’யின் 15999 என்னும் எண்ணும் மாணவர் நாவில் இருக்கவேண்டும். ஆனால் நடுவர் மன்றம் வரை செல்லும் பெண்ணுக்கு ‘ஆம், நானும் கண்டேன்’ என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. எட்டிகுமரன் அங்கே வருவானா?

சென்ற மாதம் செரம்பானில் எங்கள் மாலை இலக்கிய வகுப்பில் மலர்வனம் புக்க காதையையும் பளிக்கறை புக்க காதையையும் சேர்த்து நடத்தினேன். துறவு பற்றிய வினாவை விட்டுவிட்டு, மணிமேகலை சென்ற வழியில் அவளைக் கண்டவர் யார் யார், ஒவ்வொருவரும் என்ன செய்தனர் என்று மட்டும் கேட்டேன். எட்டிகுமரன்மேல் பிழை இல்லை என்று பையன்கள் மூவர் விடாது வாதிட்டனர். அவர்களை நான் மடக்கவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “சுதமதி எங்களோடு எப்போதும் வரமாட்டாளே சார், பளிக்கறையும் எல்லா இடத்திலும் இருக்காதே. அப்போது தெருவில் நிற்கும் அந்தக் கூட்டத்தில் யாரிடம் போய் நிற்பது?” என்று கேட்டாள். பையன்கள் வாதத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தனர். அடுத்த கிழமைக்குரிய கட்டுரைக்கு அவ்வினாவையே கொடுத்திருக்கின்றேன். பையன்களும் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கின்றேன்.